பெயரில் இருந்த ளகரம்

நான் வேலை பார்த்த பகுதியை எடுத்துவிட்டார்களாம். போன கிழமை, என்னோடு வேலை பார்த்த ரமணன் கொழும்பில் இருந்து தொலைபேசியில் சொன்னான். இனி நிறுவனம் விற்கிற எடிட்டர் மென்பொருளில் கோளாறு என்றால் எவரும் எவரையும் அழைக்கத் தேவையில்லை. திரையின் மூலையில் ஒரு சின்னச் சன்னல் திறக்கும், கேள்வியைத் தட்டினால் மறுமொழி தானாக வந்து விழும்.

"நல்லாத்தான் சொல்லுது அண்ணை. எங்களைவிட மரியாதை" என்றான்.

பிறகு வந்த காரியத்துக்கு வந்தான். நிறுவனம் இந்த வருடம் ஒரு மலர் போடுகிறதாம். அச்சில் இல்லை, கணினியில். வேலையில் இருப்பவர்களுக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கும் அனுப்புவார்களாம். அதற்கு நான் நெடுந்தீவுக் கேஸை எழுதித் தரவேண்டும். "புதுசா வந்த ஆக்களுக்குக் கதையாச் சொன்னனான். ஒருத்தரும் நம்புறேல்லை" என்றான்.

ஓய்வு பெற்றவனிடம் எதையாவது எழுதித் தா என்று கேட்பது ஒருவகைத் தருமம்தான். என்னிடம் நேரத்துக்குக் குறைவில்லை. புங்குடுதீவில் எங்கள் ஒழுங்கையில் ஏழு வீடுகள். மூன்றில் ஆட்கள் இருக்கிறார்கள். பூட்டிக் கிடக்கும் மற்ற நான்கின் திறப்புகளும் கனடாவிலும் பாரிசிலும் இருக்கின்றன. காலையில் நான் இருமினால் அது ஒழுங்கை முடியும்வரை போய்த் திரும்பி வரும். ஆகவே எழுதுகிறேன்.

என்னுடைய ஆரம்பத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பள்ளிக்கூடம் முடிந்ததும் வேலணையில் தமிழ்த் தட்டெழுத்துப் பழகினேன். இருக்கிற விசைகளை வைத்து எல்லா எழுத்தையும் ஒப்பேற்றும் வித்தை அது. அந்தச் சான்றிதழோடு கொழும்புக்குப் போனேன். டைப்ரைட்டரை மேசையில் இருந்து தூக்கிவிட்டுக் கணினியை வைத்த நாளில் என்னையும் தூக்கிவிடுவார்கள் என்று நினைத்தேன். தூக்கவில்லை. அங்கே இங்கே படித்து, இரண்டு இடம் மாறி, கடைசியில் இந்த நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தேன்.

நாங்கள் விற்றது நிரல் எழுதும் எடிட்டர். அதில் நிரலை எழுதி, அதிலேயே ஒரு பொத்தானை அமத்தி ஓட்டிப் பார்க்கலாம். செய்தவர்கள் மேல்மாடியில் இருந்தார்கள். நாங்கள் கீழே இருந்து, அது வேலை செய்யாதபோது வரும் ஏச்சை வாங்கினோம். ஏச்சு வாங்கும் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் செளந்தரி.

என்னைவிட இரண்டு வயது மூத்தவர். எல்லோருக்கும் அவர் 'மிஸ்'. கலியாணம் செய்யவில்லை. ஏன் என்று கேட்கும் துணிவு எங்களில் எவருக்கும் வந்ததில்லை. தொலைபேசியை எடுத்தால் முதலில் கேஸ் இலக்கத்தைத்தான் சொல்வார். வணக்கம், சுகமா, சாப்பிட்டாச்சா ஒன்றும் கிடையாது. நாங்கள் விளக்கிக்கொண்டு போக, பேனாவின் பின்பக்கத்தால் மேசையில் தட்டிக்கொண்டிருப்பார். தட்டு நின்றால் அவருக்கு விளங்கிவிட்டது என்று அர்த்தம். அதற்குமேல் நாங்கள் பேசினால் வீண் பேச்சு.

முறைப்பாட்டை எழுதுவதற்கு அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. மூன்று வரி. ஆள் என்ன செய்தார், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தார், என்ன நடந்தது. நான்காவது வரி எழுதினால் மின்னஞ்சலில் போன கடிதம் திரும்பி வரும். 'சும்மா நின்றுவிட்டது', 'தன்பாட்டில் மூடிவிட்டது' என்று எழுதவே கூடாது. "தன்ரைபாட்டிலை ஒண்டும் நடக்காது. எங்களுக்கு இன்னும் விளங்கேல்லை எண்டு எழுதுங்கோ" என்பார். அதை எழுத எங்களுக்குக் கை வராது. எழுதித்தான் பழகினோம்.

இன்னொரு சட்டமும் இருந்தது. அது அவருடைய பெயரைப் பற்றியது. புதிதாக வந்த எவராவது கடிதத்தில் அவர் பெயரைப் பிழையாகத் தட்டினால் கூப்பிட்டுச் சொல்வார். "என்ரை பேரிலை ளகரம் இல்லை. பாக்க ள மாதிரி இருக்கும், ஆனா அது ள இல்லை, ஔகாரத்தின்ரை குறி. நீங்கள் ள போட்டால் தேடேக்கை நான் வரமாட்டன்." பேச்சு வாங்கியவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வர, நாங்கள் சிரிப்போம். நான்தான் அதிகம் சிரித்தவன். என்னை அவர் ஒருநாளும் கூப்பிட்டுச் சொன்னதில்லை. ஆகவே நான் சரியாகத் தட்டுகிறேன் என்றே நினைத்திருந்தேன்.

மனைவி காலமான பிறகு கொழும்பு வீட்டில் இருக்க என்னால் முடியவில்லை. மகன் கனடாவில். ஊருக்குப் போய் அங்கிருந்தே வேலை செய்யலாமா என்று செளந்தரிக்கு மூன்று வரியில் எழுதினேன். இணையம் நிற்காமல் இருக்குமென்றால் போகலாம் என்று மறுமொழி வந்தது. அதன்கீழே இன்னொரு வரி இருந்தது. தனியே இருக்கப் பயமில்லையா என்று கேட்டிருந்தார். அது வேலைக்குரிய கேள்வி அல்ல என்று நினைத்து நான் பதில் எழுதவில்லை.

அப்படி ஊருக்கு வந்து இரண்டாவது வருடம். கடல் கொந்தளிக்கும் சோளகக் காற்றுக் காலம். ஒரு திங்கட்கிழமை காலை தொலைபேசி அடித்தது. இலக்கத்தைச் சொன்னார். பிறகு, "நெடுந்தீவு. உங்களுக்குக் கிட்டத்தானே?" என்றார்.

கொழும்பில் இருந்து வரைபடத்தைப் பார்த்தால் கிட்டத்தான். நடுவில் இருக்கும் கடல் வரைபடத்தில் ஆடுவதில்லை.

கேஸ் இதுதான். நெடுந்தீவில் ஒரு பெண், பெயர் கௌசி. கொழும்பில் ஒரு நிறுவனத்துக்கு வீட்டில் இருந்தபடியே நிரல் எழுதிக் கொடுக்கிறவள். அவளிடம் பதினொரு கோப்புகள். ஏழு ஓடுகின்றன. நான்கை ஓட்டினால் எடிட்டர் ஒரு வார்த்தையும் சொல்லாமல் மூடிவிடுகிறது. திறக்கலாம், எழுதலாம், சேமிக்கலாம். ஓட்டும் பொத்தானை அமத்தினால் போச்சு. ரமணன்தான் முதலில் பார்த்தவன். அந்த நான்கு கோப்புகளையும் அனுப்பச் சொல்லித் தன் கணினியில் ஓட்டினான். நான்கும் ஓடின. எடிட்டரை அழித்துவிட்டுத் திரும்பப் போடச் சொன்னான். அவள் போட்டாள், திரும்பவும் மூடியது. அவளுடைய திரையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, அதில் தெரிந்த கோப்புறைகளை அப்படியே தன் கணினியிலும் உண்டாக்கி ஓட்டினான். ஓடியது. 'இங்கே கோளாறு வரவில்லை. அவருடைய கணினிக் கோளாறு' என்று எழுதிக் கேஸை மூடப் போனான். செளந்தரி மூடவிடவில்லை. அவர் சட்டப்படி, முறைப்பாடு சொன்னவர் சரி என்று சொன்னால்தான் மூடலாம்.

நான் கௌசிக்குத் தொலைபேசி எடுத்தேன். எடுத்ததும் அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"திரும்பவும் அழிச்சுப்போட்டுப் போடச் சொல்லப்போறியளோ, சேர்?"

"இல்லை. நீர் என்ன செய்தனீர், என்ன நடந்தது எண்டு முதலிலையிருந்து சொல்லும்."

சொன்னாள். நடுவில் அவளையறியாமலே மற்றதும் வந்துவிட்டது. ஐந்து நாளாக வேலை ஒப்படைக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் அந்த நான்கும் ஓடிக் காட்டாவிட்டால் அவளுடைய வேலை வேறொருவருக்குப் போகும். தீவில் இருந்து வேலை செய்கிற ஆளை நம்ப முடியாது என்று அங்கே ஏற்கெனவே ஒரு கதை இருந்தது. வேலை போனால் அவள் வீட்டைப் பூட்டிவிட்டுக் கொழும்பில் சின்னம்மா வீட்டுக்குப் போகவேண்டும். தகப்பன் போன வருடம் இறந்துவிட்டார். வீட்டில் வேறு எவரும் இல்லை.

"சின்னம்மா நல்லவா. ஆனா அங்கை நான் ஒரு மூலையிலைதான் இருக்கவேணும்" என்றாள்.

கோளாறு கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். பாதியாக வெட்டுவது. மூடுகிற கோப்பு ஒன்றைப் பிரதி எடுத்து, பிரதியில் கீழ்ப்பாதியை அழித்துவிட்டு ஓட்டவேண்டும். ஓடினால் கோளாறு அழித்த பாதியில், ஓடாவிட்டால் மிஞ்சிய பாதியில். பிறகு அந்தப் பாதியைப் பாதி. இப்படியே போனால் எவ்வளவு பெரிய நிரலாக இருந்தாலும் கடைசியில் ஒரு வரி தனியே நிற்கும். அதுதான் குற்றவாளி. பிரதிக்குப் பழைய பெயர் வேண்டும், மூலத்தை வேறு பெயரில் ஒதுக்கிவைக்க வேண்டும் என்பது செளந்தரியின் முறை. ஒன்றை மாற்றிப் பார்க்கும்போது மற்றொன்றும் மாறக்கூடாது. அந்த முறைதான் எங்களைக் காப்பாற்றியது என்று பிறகு விளங்கியது.

பாதியை அழித்தாள். மூடியது. அதில் பாதி. மூடியது. ஒவ்வொரு முறையும் எடிட்டரைத் திரும்பத் திறக்கவேண்டும். தொலைபேசி இரண்டு தரம் அறுந்தது. கடைசியில் ஒரு வரி மிஞ்சியது. அதையும் அழிக்கச் சொன்னேன்.

"இனி ஒண்டும் இல்லை, சேர். வெறுமை."

"ஓட்டும்."

விசையைத் தட்டும் சத்தம் கேட்டது.

"மூடிப்போட்டுது" என்றாள்.

முப்பது வருட வேலையில் வெறுங்கோப்பு ஓர் எடிட்டரை விழுத்தியதை நான் கண்டதில்லை. எழுத்தில் குற்றம் இல்லை, எழுத்தே இல்லை. அப்படியென்றால் மிஞ்சுவது பெயர். கோப்பின் பெயரை 'ஒன்று' என்று மாற்றச் சொன்னேன். வெறுங்கோப்பு அமைதியாக ஓடி முடிந்தது. மூடிய நான்கும் நீளமான பெயருள்ள கோப்புகள் என்பதை அப்போதுதான் இருவரும் கவனித்தோம்.

பெயரைச் சுருக்கச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கோப்புகளை அதே பெயரில்தான் நிறுவனத்துக்கு ஒப்படைக்க வேண்டும், அவர்களுடைய மற்ற நிரல்கள் அந்தப் பெயரைத்தான் தேடும் என்றாள். அதே நீளப் பெயர் ரமணனிடம் ஓடுகிறதே என்ற கேள்வியும் இருந்தது. அவளிடம் கோப்புறைகளின் பெயரை வாசிக்கச் சொன்னேன். கௌசி என்று ஒன்று. அதற்குள் கௌசி வேலைகள் என்று ஒன்று. அதற்குள்தான் எல்லாம். நான் என் கணினியில் அதேபோல இரண்டு கோப்புறைகளைத் தட்டி, அதே நீளப் பெயரில் ஒரு வெறுங்கோப்பை வைத்து ஓட்டினேன்.

என் எடிட்டர் மூடியது.

சந்தோஷத்தில் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். சொல்ல வீட்டில் ஆள் இல்லை. ரமணனுக்கு எடுத்துச் சொன்னேன். அவனும் அங்கே புதிதாக ஒரு முறை செய்தான். ஓடியது. "தீவுக் கணினிகளுக்குத்தான் ஏதோ வருத்தம் போல, அண்ணை" என்று சிரித்தான். ஒரே எடிட்டர், ஒரே பெயர், ஒரே கோப்பு. நெடுந்தீவில் விழுகிறது, புங்குடுதீவில் விழுகிறது, கொழும்பில் விழவில்லை.

அன்று பின்னேரம் செளந்தரிக்கு எடுத்து, போய்ப் பார்த்தால்தான் விளங்கும் போலிருக்கிறது என்றேன். பேனா தட்டிக்கொண்டே இருந்தது.

"காத்துக் காலமெல்லோ. போய் வர ஏலுமே உங்களுக்கு?"

"ஓம் மிஸ். ஒரு மணித்தியாலம்தானே."

"வந்து இறங்கினதும் எடுங்கோ" என்று சொல்லி வைத்துவிட்டார். கேஸ் இலக்கமே சொல்லாமல் அவர் பேசிய முதல் தரம் அது என்று இப்போது நினைக்கிறேன்.

புதன்கிழமை காலை குறிகட்டுவானில் படகு ஏறினேன். பக்கத்தில் இருந்தவர் என் பையைப் பார்த்துவிட்டு, "தீவிலை குதிரை பாக்க வாற ஆளோ?" என்று கேட்டார். கணினி பார்க்கப் போகிறேன் என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. மூன்று இடத்திலும் வேறுபட்டது பெயரைத் தட்டிய கை மட்டும்தான் என்று யோசித்துக்கொண்டு போனேன்.

கௌசியின் வீடு முருகைக்கல் மதில் போட்ட பழைய வீடு. அவளுக்கு முப்பது வயதுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். மெலிந்த பிள்ளை, கண்ணில் நித்திரை இல்லை. பனங்கட்டியோடு தேத்தண்ணி தந்தாள். மேசையில் அந்தக் கணினி. திரையில் கௌசி என்ற கோப்புறை.

"இதுக்குப் பக்கத்திலை புதுசா ஒரு ஃபோல்டர் போட்டு, உம்மடை பேரை நீரே அடியும்" என்றேன்.

"அதே பேரோ? விடாது, சேர். ஏற்கெனவே இருக்கெண்டு சொல்லும்."

"சொல்லட்டும். அடிச்சுப் பாரும்."

அடித்தாள். கணினி ஒன்றும் சொல்லவில்லை. ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு கோப்புறை இருக்கக்கூடாது என்பது கணினியின் அடிப்படைச் சட்டம். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன, எழுத்துக்கு எழுத்து ஒன்றாக.

"ரெண்டு கௌசி நிக்குது" என்றாள் மெல்ல.

கோப்புகளைப் புதியதில் பிரதி பண்ணி ஓட்டினோம். நான்கும் ஓடின. அவள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். வெள்ளிக்கிழமைக்கு அது போதும். ஆனால் எங்களுக்கு இன்னும் விளங்கவில்லை என்றால் விளங்கவில்லைதான்.

"இப்ப புதுசின்ரை பேரை மாத்தப்போற மாதிரித் திறவும். கடைசியிலை வேண்டாமெண்டு விட்டால் ஒண்டும் மாறாது. கடைசி எழுத்துச் சி, அதை முழுக்க அழியும். பிறகு ஒருக்கா மட்டும் அழியும். என்ன நிக்குது?"

"க."

"வெறும் க?"

"ஓம்."

"இனிப் பழையதிலை அப்பிடியே செய்யும்."

அவள் கை விசையில் தயங்கியது. செய்தாள். திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கொம்போட நிக்குது, சேர். கெ."

பார்த்தேன். எனக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. அவள் தட்டிய புதுப் பெயரில் ககரமும், ஔகாரத்துக்குரிய ஒற்றைக் குறியும். ஒரு தரம் அழித்தால் அந்தக் குறி முழுதாகப் போய் க மிஞ்சும். பழைய பெயரில் அந்தக் குறி இல்லை. கொம்பு தனியே, ள தனியே. கடைசியில் நின்ற ள மட்டும் போய்க் கொம்பு மிஞ்சியது. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு ஒன்று கௌசி, மற்றது கெளசி.

"இந்தப் பழைய ஃபோல்டரை ஆர் போட்டது?" என்று கேட்டேன்.

"அப்பா. இந்தக் கொம்பியூட்டர் வாங்கின அண்டைக்கு அவர்தான் என்ரை பேரை அடிச்சவர். தமிழிலை பேர் போட்டால்தான் உன்ரையெண்டு தெரியும் எண்டார்."

"அப்பா என்ன வேலை செய்தவர்?"

"கூட்டுறவுச் சங்கத்திலை கிளாக். டைப் அடிக்கிறவர்."

கேட்டிருக்கத் தேவையில்லை. டைப்ரைட்டரில் ஔகாரக் குறிக்குத் தனி விசை கிடையாது. கொம்பைத் தட்டு, எழுத்தைத் தட்டு, பிறகு ள தட்டு. எங்களுக்கு அப்படித்தான் பழக்கினார்கள். காகிதத்தில் அது பிழையே இல்லை. அந்த மனிதர் அப்படிப் பழகிய விரலால் மகளின் பெயரைக் கணினியில் தட்டியிருக்கிறார். நானும் அதே விரலால்தான் என் வீட்டில் இருந்து தட்டினேன். கொழும்பில் இருப்பவர்கள் புதிய விசைப்பலகையில் பழகியவர்கள், சரியாகத் தட்டினார்கள். ஆகவே அவர்களுக்கு மூடவில்லை.

மிச்சத்தைக் கண்டுபிடிப்பது லேசு. பொத்தானை அமத்தியதும் எடிட்டர் அந்தக் கோப்பின் முழு விலாசத்தையும், கோப்புறைப் பெயர்கள் உட்பட, ஒரு துண்டில் எழுதி ஓட்டுகிற பகுதியிடம் கொடுக்கும். மேல்மாடியில் எவரோ அந்தத் துண்டின் நீளத்தை ஆங்கிலப் பெயர்களுக்கு அளந்து வெட்டியிருந்தார். ஆங்கில எழுத்துக்கு ஓரிடம் போதும். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று இடம் வேண்டும். கௌசிக்கு நான்கு குறி, கெளசிக்கு ஐந்து. விலாசத்தில் அந்தப் பெயர் இரண்டு தரம் வருகிறது. கோப்பின் பெயரும் நீளமாக இருந்தால், சரியாகத் தட்டிய விலாசம் மயிரிழையில் துண்டுக்குள் அடங்கும். ள போட்ட விலாசம் துண்டை விட்டு வெளியே வழியும். வழிந்த இடத்தில் எடிட்டர் விழும்.

"அப்ப பழையதின்ரை பேரை மாத்தினால் சரியோ?" என்று கேட்டாள்.

"ஓம். இல்லாட்டில் இந்தப் புதுசிலை இருந்து வேலை செய்யும். பழையது அப்பிடியே இருக்கட்டும்."

அவள் திரையில் இருந்த பழையதைத் தொட்டுக் காட்டினாள்.

"ஒவ்வொரு நாளும் காலமை அதைத்தான் திறக்கிறனான்" என்றாள். "அப்பா கூப்பிடுற மாதிரி. இனி அது வெறும் பெட்டி. வேலை இல்லாட்டில் ஒருத்தரும் திறக்காயினம்."

படகுக்கு நேரமாகிவிட்டது என்று எழும்பினேன்.

திரும்பும் படகில் எனக்கு அழுகை வந்தது, மறைக்க என்ன இருக்கிறது. முகம் தெரியாத, செத்துப்போன ஒரு மனிதரும் நானும் ஒரே பிழையைச் செய்திருக்கிறோம். அவருடைய பிழையைத் திறந்து பார்க்க ஒரு பிள்ளை இருக்கிறாள். என்னுடையதைத் திறந்து பார்க்க எவரும் இல்லை என்று அன்று நினைத்தேன்.

இறங்கியதும் செளந்தரிக்கு எடுத்துச் சொன்னேன். அன்று பின்னேரமே மூன்று வரி எழுதி அனுப்பினேன். வாழ்க்கையில் முதல் தரமாக நான்காவது வரியும் எழுதினேன். பெயரை மாற்று என்று அந்தப் பிள்ளையிடம் சொல்ல எனக்கு மனமில்லை, எடிட்டரைத்தான் மாற்றவேண்டும் என்று. கடிதம் திரும்பி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

அடுத்தநாள் மூவரும் தொலைபேசியில் கதைத்தோம். ரமணன், "தட்டினவரின்ரை பிழைதானே மிஸ். பேரை மாத்தச் சொல்லிக் கேஸை மூடுவம்" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. மேல்மாடிக்கு ஓர் ஆளுக்காக வேலை கொடுப்பது லேசான விஷயமில்லை.

பேனா நின்றது.

"பேர் பிழையெண்டால் எடிட்டர் விழவேணுமோ?" என்றார் செளந்தரி. "பேரை ஆக்கள் தங்களுக்குத் தெரிஞ்சமாதிரித்தான் எழுதுவினம். அதைத் தாங்கிறது எங்கடை வேலை. மேலை நான் கதைக்கிறன்."

கதைத்தார். எப்படிக் கதைத்தார் என்று தெரியாது. ஒரு மாதத்தில் புதிய பதிப்பு வந்தது. கௌசி வெள்ளிக்கிழமை வேலையை ஒப்படைத்திருந்தாள், வேலையும் தப்பியிருந்தது. புதிய பதிப்பைப் போட்ட அன்று எடுத்தாள். "சேர், பழையதிலை நாலும் ஓடுது. புதுசை அழிச்சுப்போட்டன்." அவ்வளவுதான் சொன்னாள். கேஸை மூடினேன். அவள் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள்.

ரமணன் கேட்ட கதை இவ்வளவுதான். இதற்குப் பிறகு வருவது கேஸ் அல்ல, ஆனாலும் எழுதுகிறேன்.

அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை வருடமும் செளந்தரியின் பெயரையும் நான் ள போட்டுத்தான் தட்டியிருக்கிறேன். பேச்சு வாங்கியவர்களைப் பார்த்துச் சிரித்தவனும் நானே. விரலைத் திருத்தினேன். வயதுபோன விரல், இலேசில் கேட்காது. ஒரு கிழமை பெயருக்குப் பெயர் நிறுத்தி, ஒற்றைக் குறியைத் தேடித் தட்டிப் பழகினேன். அதற்குப் பிறகு நான் அனுப்பிய ஒவ்வொரு கடிதத்திலும் அவர் பெயர் சரியாக இருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. கவனிக்கவில்லை என்று நினைத்தேன்.

இரண்டு வருடம் கழித்து அவர் ஓய்வு பெற்றார். அவுஸ்திரேலியாவில் தங்கையோடு போய் இருக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். கடைசி நாள் மத்தியானம் தொலைபேசி அடித்தது. எடுத்து, இலக்கத்துக்காகப் பேனாவும் கையுமாக இருந்தேன்.

"இலக்கம் இல்லை" என்றார். "உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும்."

"சொல்லுங்கோ, மிஸ்."

"நீங்கள் வந்த நாளிலை இருந்து என்ரை பேரை ள போட்டுத்தான் எழுதினனீங்கள். மற்ற ஆக்களைப் பேசினனான். உங்களைப் பேசேல்லை."

"ஏன் மிஸ்?"

"ள போட்டுத் தேடினால் உங்கடை கடிதங்கள் மட்டும் வரும். வேறை ஒருத்தற்றையும் வராது. சில நாளிலை சும்மா தேடிப் பாக்கிறனான்."

சும்மா என்ற சொல்லை அவர் வாயில் இருந்து அன்றுதான் கேட்டேன். பேனாச் சத்தம் இல்லை.

"நெடுந்தீவுக் கேஸோட நிண்டு போச்சு" என்றார். "அதுக்குப் பிறகு தேடினால் புதுசா ஒண்டும் வாறேல்லை."

"பிழையெண்டு தெரிஞ்சவுடனை திருத்திக்கொண்டனான், மிஸ்."

"ஓம்" என்றார். "பிழைதானே."

தொலைபேசியை உடனே வைக்கவில்லை. நான் ஏதாவது சொல்வேன் என்று இருந்திருக்க வேண்டும். எனக்கு அவரைப் பிடிக்கும், பதினெட்டு வருடத்துக்கு மேலாக நான் மூன்று வரியாக எழுதியதெல்லாம் அவர் வாசிப்பார் என்பதற்காகத்தான் எழுதினேன் என்று சொல்லியிருக்கலாம். அது எனக்கே தொலைபேசியை வைத்த பிறகுதான் விளங்கியது. தனியே இருக்கப் பயமில்லையா என்று கேட்ட கேள்விக்காவது பதில் சொல்லியிருக்கலாம். "சுகமாப் போட்டு வாங்கோ, மிஸ்" என்று மட்டும் சொன்னேன்.

அவருடைய அலுவலகக் கடிதப் பெட்டி அவர் ஓய்வு பெற்ற கிழமையே மூடப்பட்டுவிட்டது. வேறு விலாசம் என்னிடம் இல்லை. ரமணனிடம் கேட்கலாம். ஏன் என்று அவன் கேட்டால் சொல்ல என்னிடம் கேஸ் இலக்கம் இல்லை.

ஆனால் இந்த மலர் ஓய்வு பெற்றவர்களுக்கும் போகும் என்றான். ரமணன், ஒன்று கேட்கிறேன். இதை ஒப்பு நோக்குகிறவர்கள் ஒரு பெயரில் கை வைக்க வேண்டாம். இந்தக் கட்டுரையில் செளந்தரி என்று வருகிற இடமெல்லாம் நான் விரலைத் திருப்பிப் பழக்கி, ள போட்டே தட்டியிருக்கிறேன். வாசிக்கிறவர்கள் எவருக்கும் வித்தியாசம் தெரியாது. தேடிப் பார்த்தால் மட்டும் வரும்.